இரும்பு பழசாக இருக்கட்டும், ரப்பர் புதுசாக இருக்கட்டும்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. மோட்டார் சைக்கிள் விஷயம்தானே என்று தள்ளிவிட வேண்டாம். வீட்டில் அப்பா வண்டி, தாத்தா வண்டி என்று ஒன்றை மூடிவைத்திருப்பவர்கள் கடைசிவரை படித்துவிடுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு மாணவர் போன் செய்தார். 1991-ல் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவர். இப்போது சிவகாசியில் ஆஃப்செட் மெஷின் ஓட்டுகிறார். அவருடைய அப்பா காலமாகி ஒரு வருஷம் ஆகப்போகிறது. அப்பா ஓட்டிய 1976 மாடல் புல்லட் பன்னிரண்டு வருஷமாகத் தகரக் கொட்டகையில் நின்றது. அதைச் சரிசெய்து, அப்பா போன மாதிரியே வரும் ஆடியில் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போய்வர வேண்டும் என்று ஆசைப்படுகிறார்.

"சார், டேங்குக்குப் பெயிண்ட் அடிச்சாச்சு. குரோம் வேலை எல்லாம் முடிஞ்சிருச்சு. ரப்பர் சாமான்தான் அத்தனையும் கல்லு மாதிரி ஆயிப்போச்சு. தைலத்துல ஊறப்போட்டா பழையபடி இளகிரும்னு ஒரு வீடியோல காட்டுறாங்க. அப்பா வண்டி சார், ஒரு சாமான்கூட மாத்தாம எல்லாம் ஒரிஜினலா இருக்கணும். ஊறப்போடலாமா?"

இதே கேள்வியை இரண்டு வருஷத்தில் நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். பழைய வண்டிகளைப் புதுப்பிக்கும் ஆசை நம் பக்கத்திலும் பெருகிவிட்டது. நல்ல ஆசைதான். ஆனால் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பழைய வண்டியில் எதை வேண்டுமானாலும் ஒரிஜினலாக வைத்துக்கொள்ளுங்கள், உயிர் தாங்கும் ரப்பரை மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். இறுகிய ரப்பரை இளக்கி மாட்டுவது வண்டிக்குச் செய்யும் மரியாதை அல்ல. ஓட்டுபவனை ஏமாற்றுகிற வேலை.

ஏன் என்று சொல்கிறேன். பழைய வகுப்பு ஞாபகம் வந்தால் வரட்டும்.

உங்கள் ஜாமெட்ரி பாக்ஸில் பல வருஷம் கிடந்த அழிரப்பரை எடுத்து எழுத்தை அழித்துப் பார்த்திருக்கிறீர்களா? எழுத்து அழியாது, தாள் கிழியும். பழைய விடைத்தாள் கட்டைப் பிரித்தால், சுற்றியிருந்த ரப்பர் பேண்டு ஒன்று பொடியாக உதிரும், அல்லது பிசுபிசுவென்று தாளில் ஒட்டிக்கொண்டிருக்கும். யாரும் அதை இழுக்கவில்லை, பயன்படுத்தவும் இல்லை. சும்மா இருந்தே கெட்டுப்போனது. ரப்பருக்கு ஓடிய கிலோமீட்டர் மட்டும் கணக்கல்ல, வயதும் கணக்கு.

கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் மரத்திலிருந்து வடிக்கும் பால், அப்படியே காய்ந்தால் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். உருப்படியான பொருள் செய்ய முடியாது. 1839-ல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர் அதில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் நிலையான ரப்பர் கிடைக்கும் என்று கண்டுபிடித்தார். நம் ஊர்க்காரர்களுக்குக் கந்தகத்தை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பட்டாசுக்கு மருந்து கலக்கும் அதே மஞ்சள் பொடிதான். ரப்பரில் நீளநீளமான நூல்போன்ற மூலக்கூறுகள் இருக்கின்றன. கந்தகம் அவற்றை அங்கங்கே முடிச்சுப் போட்டுக் கட்டுகிறது. முடிச்சு அளவாக இருந்தால் இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். கந்தகத்தை ஏகமாகச் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? எபோனைட் ஆகும். என் தலைமுறை எழுதிய கறுப்பு மைப் பேனா ஞாபகம் இருக்கிறதா? அதுவும் ரப்பர்தான். முடிச்சுகள் அதிகமாகிவிட்ட ரப்பர்.

வண்டியில் இருக்கும் ரப்பருக்கு வருஷக்கணக்கில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே புகுந்து சில இடங்களில் நூலை அறுக்கிறது, சில இடங்களில் புது முடிச்சுப் போடுகிறது. அறுபட்டது மிஞ்சினால் பிசுபிசுக்கும், முடிச்சு மிஞ்சினால் இறுகும். இழுபட்டு நிற்கும் இடங்களை ஓசோன் தாக்கி, இழுவிசைக்குக் குறுக்காக மெல்லிய விரிசல்களை உண்டாக்குகிறது. ரப்பர் மிருதுவாக இருப்பதற்காகத் தொழிற்சாலையில் சேர்த்த எண்ணெய்களும் மெல்ல வெளியேறிவிடுகின்றன. வெப்பம் 10 டிகிரி கூடினால் இந்த வேதிவினைகள் சுமாராக இரண்டு மடங்கு வேகமாகும் என்பது பொதுவான கணக்கு. நம் விருதுநகர் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் பன்னிரண்டு கோடை என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது தைலத்துக்கு வருவோம். வீடியோவில் காட்டுவது விண்டர்கிரீன் தைலம். வலிக்குத் தேய்க்கும் களிம்புகளில் மூக்கைத் துளைக்கிற வாசனை வருமே, அந்த மெத்தில் சாலிசிலேட்தான். சைலீன் என்ற கரைப்பானோடு கலந்து ரப்பரை ஊறவைக்கிறார்கள். ரப்பர் இளகுவது உண்மை. பொய் என்று நான் சொல்லவில்லை. வெளியேறிப்போன எண்ணெயின் இடத்தில் தைலம் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஆனால் கூடிப்போன முடிச்சை அது அவிழ்ப்பதில்லை, அறுந்த நூலை ஒட்டவைப்பதும் இல்லை. எபோனைட் பேனாவைத் தைலத்தில் ஊறவைத்து ரப்பர் பேண்டு ஆக்க முடியுமா? அவ்வளவுதான் விஷயம். தைலம் ஆவியானதும் ரப்பர் பழையபடி இறுகும். விரிசல் அங்கேயேதான் இருக்கும்.

இன்னொன்று. அந்தத் தைலம் வாசனையாக இருப்பதால் விளையாட்டுச் சாமான் அல்ல. ஒரு டீஸ்பூன் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. சைலீன் எளிதில் தீப்பற்றும். பேரன் பேத்தி ஓடியாடும் வீட்டில் இந்தக் கலவையைச் சோடா பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

பட்டறைகளில் வேறு வழிகளும் உண்டு. மண்ணெண்ணெயில் போடுவார்கள், டீசலில் போடுவார்கள், கிரீஸ் தடவுவார்கள். வகுப்பில் நாம் செய்த சோதனை சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். ஒரு ரப்பர் பேண்டை மண்ணெண்ணெயில் போட்டுவைத்தோம். மறுநாள் அது பருத்து, நீளமாகி, இழுத்ததும் அறுந்தது. "சார், இது பெருசாயிருச்சு" என்று ஒரு பையன் சந்தோஷப்பட்டான். பெருசாகவில்லையப்பா, ஊதிப்போய்விட்டது என்று சொன்னேன். இயற்கை ரப்பர் அப்படித்தான் ஊதும். உலர்ந்த பிறகு இன்னும் மோசமாகச் சுருங்கும்.

இத்தனையும் தெரிந்த வாத்தியார் நான். நானே அந்தத் தப்பைச் செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் என் மாமனார் வண்டியைப் புதுப்பித்தேன். அதுவும் புல்லட்தான். பெயிண்டுக்கும் குரோமுக்கும் தாராளமாகச் செலவழித்தேன். டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் பெட்ரோல் டியூப் விறைப்பாக இருந்தது. வெந்நீரில் போட்டேன், இளகியது. துடைத்து மாட்டினேன். கறுப்பாக, பளபளவென்று அழகாகவே இருந்தது. வெந்நீரில் இளகியது சூட்டினால்தான், ஆறினால் பழைய கதைதான் என்று எனக்கே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும். விருதுநகரிலிருந்து சிவகாசி போகும் வழியில் ஒரு பட்டாசுக் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, பேரனுக்குக் கம்பி மத்தாப்பு வாங்க உள்ளே போனேன். விலை கேட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே பெட்டி இறக்கிக்கொண்டிருந்த பையன் ஓடிவந்தான்.

"தாத்தா, அந்த புல்லட் ஒங்களுதா? பெட்ரோல் சொட்டுது."

டேப்பில் மாட்டியிருந்த முனை பிளந்து, சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது. டேப்பை மூடினேன். கடைக்காரரும் அந்தப் பையனும் நானுமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வெட்டவெளிக்குப் போனோம். கடைக்காரர் என்னைத் திட்டவில்லை. முகம் வெளுத்துப்போய் நின்றார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும் என்று நான் எத்தனை வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன்! அன்றைக்கு ஒரு பொறி விழுந்திருந்தால் எத்தனை பேர் பெயர் செய்தித்தாளில் வந்திருக்கும் என்று இரவெல்லாம் தூக்கம் இல்லை. நம் மண்ணில் அந்தச் செய்தியை வருஷா வருஷம் படிக்கிறோம். அதில் ஒன்று என் கையால் நடக்கப் பார்த்தது, விலை குறைந்த ஒரு சாண் டியூப்புக்காக.

ஆகவே அந்த மாணவரிடம் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டேன்.

"தம்பி, உன் மெஷின்ல இங்க் ரோலர் இறுகிப்போனா என்ன பண்ணுவ?"

"மை சரியா ஏறாது சார். ஹார்ட்னஸ் மீட்டர் வச்சுப் பார்ப்போம். கூடிப்போச்சுன்னா ரோலரைக் கழட்டி ரப்பர் ஏத்தக் குடுத்துருவோம்."

"தைலத்துல ஊறப்போட மாட்டியா?"

சிரித்தார். "முதலாளி அடிப்பாரு சார்."

சிவகாசி அச்சகங்களில் இது அன்றாட நடைமுறை. ரோலரின் இரும்புத் தண்டு பல வருஷம் அப்படியே இருக்கும். மேலே உள்ள ரப்பர் இறுகினால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு ஏற்றுவார்கள். ரோலருக்கு வயதாகிவிட்டது என்று யாரும் அழுவதில்லை. ரப்பர் மாற்றினால் அது வேறு ரோலர் என்று யாரும் சொல்வதும் இல்லை. காலண்டர் அச்சடிக்கும் ரோலருக்குக் காட்டுகிற இந்த அறிவை, பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டப்போகும் வண்டிக்குக் காட்டக் கூடாதா?

"ஒரிஜினல்" என்ற வாதத்தையும் பார்த்துவிடுவோம். புல்லட் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து வண்டி. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவானது, திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. அங்கிருந்து வெளிவந்த நாளிலேயே இரும்பு நிலைக்கும், ரப்பர் தேயும் என்பதுதான் கணக்கு. உங்கள் அப்பாவும் டயர், டியூப், பிரேக் ஷூ எல்லாம் மாற்றி மாற்றித்தான் ஓட்டியிருப்பார். அவர் கடைசியாக மாற்றிய டியூப் எப்படி "ஒரிஜினல்" ஆகும்? வண்டியை ஒழுங்காகப் பராமரித்தவருக்குச் செய்யும் மரியாதை, அவர் செய்ததையே தொடர்ந்து செய்வது.

அதற்காக எல்லா ரப்பரையும் குப்பையில் கொட்டச் சொல்லவில்லை. நான் மூன்றாகப் பிரிக்கிறேன்.

முதல் வகை, கேள்வியே கேட்காமல் மாற்ற வேண்டியவை. பெட்ரோல் டியூப். டயர், டியூப். ஃபோர்க் ஆயில் சீல் உட்பட எல்லா ஆயில் சீல்களும். கார்புரேட்டருக்குப் போகும் ஏர் ஹோஸ், ஏனென்றால் அதில் விரிசல் இருந்தால் காற்று அதிகமாகப் போய் இன்ஜின் சூடேறும். பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் கப்ளிங் ரப்பர். ஹெட்லைட் கூட்டுக்குள் வயர் நுழையும் ஓட்டையில் இருக்கும் சின்ன ரப்பர் வளையம். இந்த வளையத்தை யாரும் கவனிப்பதில்லை. அது இறுகி உடைந்தால் தகர விளிம்பு வயரை அறுக்கும், ஷார்ட் ஆகும். ஒரு பக்கம் பெட்ரோல் சொட்டு, ஒரு பக்கம் ஷார்ட் என்றால் மிச்சத்தை நான் சொல்ல வேண்டாம்.

இரண்டாவது வகை, சோதித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. ஃபுட்ரெஸ்ட் ரப்பர், கிக்கர் ரப்பர், டேங்குக்கு அடியில் வைக்கும் ரப்பர். நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்து மீண்டால் பிழைக்கும். வளைத்துப் பாருங்கள். விரிசல் வாய் பிளந்தால் விடை கொடுத்துவிடுங்கள். மழையில் காலை உதைக்கும்போது கிக்கர் வழுக்கினால் முழங்கால் எலும்புக்கு ஸ்பேர் கிடைக்காது.

மூன்றாவது வகை, அழகுக்கு மட்டும் இருப்பவை. பழைய வண்டிகளில் டேங்கின் இரண்டு பக்கமும் முழங்கால் படும் ரப்பர் இருக்கும். எழுத்துப் பதித்த சின்னச் சின்ன மூடிகள் இருக்கும். இவற்றை இளஞ்சூட்டு வெந்நீரில் சோப்புப் போட்டுக் கழுவி நிழலில் உலர்த்தி வையுங்கள். உங்கள் தைல ஆசையை இங்கே தீர்த்துக்கொள்ளலாம். உதிர்ந்தாலும் யார் உயிரும் போகாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதும் உண்டு. "பழைய ஸ்டாக், கம்பெனி கவர்கூடப் பிரிக்கலை" என்று சொல்லி ஆயில் சீலையும் ஹோஸையும் கூடுதல் விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். கவருக்குள் இருந்தாலும் இருபது வருஷம் இருபது வருஷம்தான். இரும்புச் சாமானுக்குப் பழைய ஸ்டாக்கைத் தேடுங்கள், ரப்பருக்குப் புது ஸ்டாக்கைக் கேளுங்கள். கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் டியூப்பைப் பெட்ரோலுக்குப் போடாதீர்கள். அதிலுள்ள மிருதுவாக்கும் பொருளைப் பெட்ரோல் இழுத்துவிடும். கொஞ்ச நாளில் மஞ்சளாகி, விறைத்து, டேப்பிலிருந்து நழுவும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது என்று அர்த்தம். 2000-க்குப் பிறகு வந்த டயர்களில் இப்படி இருக்கும். மூன்றே இலக்கம் இருந்தால் அது அதற்கும் முந்தையது, தொடவே வேண்டாம். பட்டன் தேயாமல் இருந்தாலும் பத்து வருஷம் தாண்டிய டயரை நம்பாதீர்கள்.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1970-களில் செய்த ரப்பரை இந்தக் கலவையை நினைத்துச் செய்யவில்லை. சில பழைய வண்டிகளில் நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்டுகளையும் மாற்ற வேண்டிவரலாம் என்று 2025-ல் பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. பெட்ரோல் டியூப் வாங்கும்போது எத்தனால் பெட்ரோலுக்குத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

செலவு ஆகுமே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டேங்குக்குப் பெயிண்ட் அடிக்கும் காசை வைத்துப் பார்த்தால், டயர் நீங்கலாக மற்ற ரப்பர் சாமான் எல்லாம் சில்லறைக் காசு. புல்லட்டுக்கு ஸ்பேர் கிடைப்பதும் எளிது, அதே அமைப்பில் பல பத்தாண்டுகள் நம் சென்னையிலேயே செய்த வண்டி. மைசூர் ஐடியல் ஜாவா 1996-ல் மூடப்பட்டதால் ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்கள் கொஞ்சம் தேடி அலைய வேண்டும். கடைசியில் கிடைத்துவிடும். காசு இல்லை என்றால் பெயிண்டை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்கள். நாம் தலைகீழாகச் செய்கிறோம். ஊர் பார்ப்பதற்கு முதலில் செலவழிக்கிறோம், ஊர் கண்ணுக்குத் தெரியாததற்குக் கடைசியில் கணக்குப் பார்க்கிறோம்.

இதையெல்லாம் போனில் சொல்லி முடித்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"அப்ப அந்த ஹேண்டில் கிரிப்பு சார்? அப்பா கைபட்டுத் தேஞ்ச தடம் அதுல அப்படியே இருக்கு. அதையுமா மாத்தணும்?"

எனக்கும் உடனே பதில் வரவில்லை. கிரிப் அழகுக்கு உள்ளது என்று சொல்லிவிட ஆசைதான். ஆனால் வலது பக்கம் ஆக்ஸிலேட்டர். இறுகிப்போன கிரிப் குழாயில் பிடிப்பில்லாமல் தனியாகச் சுழலும். அவசரத்தில் கை வழுக்கும். "மாத்தணும் தம்பி. ஆனா தூக்கிப் போடாத. அப்பா கண்ணாடி, பேனா எல்லாம் எங்க வச்சிருக்கியோ அங்க வை. கையில எடுத்துப் பார்க்கணும்னு தோணும்போது எடுத்துப் பார்க்கலாம். ஓட்டுறதுக்கு அது வேண்டாம்" என்றேன்.

"சரி சார்" என்று மட்டும் சொன்னார்.

நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். மாலை போட்ட அப்பா படத்துக்குக் கீழே ஒரு மஞ்சள் துணி, அதன் மேல் இரண்டு கறுப்பு கிரிப். பக்கத்தில் புது பெட்ரோல் டியூப், பில்லோடு. ஆடிக்கு இருக்கன்குடி போய்வந்ததும் பிரசாதம் கொண்டுவருகிறேன் என்று எழுதியிருந்தார்.

மற்றவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடம். இன்று சாயங்காலம் கொட்டகைக்குப் போங்கள். இன்ஜின் ஆறியிருக்கட்டும், பக்கத்தில் விளக்கோ அடுப்போ வேண்டாம். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, டியூப்பின் இரண்டு முனையையும் மெல்ல வளைத்துப் பாருங்கள், டயரில் அந்த நாலு இலக்கத்தைத் தேடிப் படியுங்கள். என்ன கண்டீர்கள் என்று கீழே எழுதுங்கள். எட்டாம் வகுப்பு நோட்டைத் திருத்திய மாதிரியே ஒவ்வொன்றையும் படித்துப் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்